கூக்கபராவும் எங்கள் சவுக்கு மரத்து மீன்கொத்தியும்

இலங்கை மலையகத்தில் தேயிலைக்கு நிழல் தரவும் காற்றைத் தடுக்கவும் நட்டு வளர்க்கப்படும் கிரெவிலியா மரத்தை எங்கள் தோட்டப் பக்கத்தில் சவுக்கு என்றே சொல்வார்கள். அதன் பூர்வீகம் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம். குயின்ஸ்லாந்தின் தென்பகுதியும் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியும் சேருமிடத்து மழைக்காடுகள். அந்தக் கரையோரத்துப் பறவைகளுள் பேர்போனது கூக்கபரா. மரம் கப்பலேறி இங்கு வந்து சேர்ந்தது, பறவை வரவில்லை. ஆனால் அந்த மரத்தின் கிளை இங்கே வெறுமையாகவும் இல்லை. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் எந்தத் தோட்டத்திலும், கிளை தறித்த சவுக்கு மரத்தின் உச்சியிலோ மின்கம்பியிலோ, சிவந்த பெரிய அலகும் காவி படர்ந்த தலையும் நீலப் பச்சை முதுகுமாக ஒரு வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருப்பதைக் காணலாம். மீன்கொத்திக் குடும்பத்தில் மர மீன்கொத்திகள் என்று பிரிக்கப்படும் கிளையைச் சேர்ந்தவை இவ்விரண்டும். ஆகவே கூக்கபராவை நேரில் பார்க்க வாய்ப்பில்லாத நம்மவர்கள் அதன் பழக்கவழக்கங்களில் பாதியை இந்த உறவினரிடமே கற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மீதிப் பாதியில்தான் அது தனி வழி போகிறது. அந்த வழி கொஞ்சம் கடுமையானது.

இதை எழுதத் தூண்டியது சிட்னியில் வேலை செய்யும் அக்கா மகன் கைப்பேசியில் அனுப்பிய ஓர் ஒலிப்பதிவு. அவன் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்து மரத்தில் விடிவதற்கு முன்பே நாலைந்து கூக்கபராக்கள் சேர்ந்து எழுப்பிய ஆரவாரம் அது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது: "இந்தச் சத்தம் போட்டால் மீன் எல்லாம் ஓடிப் போகாதா, மாமா?"

ஓடிப் போவதற்கு அங்கே மீன் இல்லை. உலகில் 100க்கும் மேற்பட்ட மீன்கொத்தி இனங்கள் உள்ளன; அவற்றுள் மீனையே நம்பி வாழ்பவை ஒரு பகுதிதான். தாழ்நாட்டுக் குளங்களின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று தலைகீழாகப் பாயும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியும், நம் ஓடைகளின் மீது நீலக் கோடாகப் பறந்து மறையும் சிறு மீன்கொத்தியும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. மர மீன்கொத்திகளோ பெரும்பாலும் தரையை நோக்கி வேட்டையாடுபவை. வெண்மார்பு மீன்கொத்திக்கு ஆறு அருகில் இருந்தால் மீனும் நண்டும் தவளையும் கிடைக்கும். இல்லாவிட்டால் தத்துக்கிளி, வண்டு, ஓணான், அரணை, சுண்டெலி என்று காலம் தள்ளிவிடும். கூக்கபரா இந்த வழியில் இன்னும் தூரம் போய்விட்டது. யூக்கலிப்டஸ் காடுகளிலும் புறநகர்த் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் பூச்சி, மண்புழு, நத்தை, பல்லி, எலி, சிறு பாம்பு, பிற பறவைகளின் குஞ்சு ஆகியவற்றைத் தின்று வாழ்கிறது. மீன் அதற்கு எப்போதாவது கிடைக்கும் விருந்து; அதுவும் பல வேளைகளில் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் ஆசையாக வளர்த்த தங்கமீனாக இருக்கும்.

வேட்டை முறையைப் பார்ப்பதற்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைவிட நல்ல இடம் இல்லை. கொழுந்தும் இலையும் கழிக்கப்பட்டு வெறும் தண்டுகள் நிற்கும் அந்த நாட்களில் தரை வெளிச்சமாகிவிடுகிறது. ஒளிந்து வாழ்ந்த உயிர்களுக்கு மறைவு போய்விடுகிறது. அப்படியொரு மலையில் மீன்கொத்தி ஒன்று ஓணான் பிடித்ததை மிக அருகில் நின்று பார்த்திருக்கிறேன். நெடுநேரம் அசையாமல் இருந்த பறவை, தலையை மட்டும் ஒருமுறை மேலும் கீழும் ஆட்டிவிட்டுச் சாய்வாக இறங்கியது. தரையைத் தொட்டதும் தெரியவில்லை, திரும்பியதும் தெரியவில்லை, கிளைக்கு வந்தபோது அலகின் குறுக்கே பச்சை ஓணான் நெளிந்துகொண்டிருந்தது. பிடியை மெல்ல மெல்ல வால் பக்கமாக நகர்த்தி, ஓணானின் தலை கிளையில் படும்படி, பீலிக்கரையில் துணி அடித்துத் துவைப்பவர்களைப் போல இடமும் வலமுமாக ஓங்கி ஓங்கி அடித்தது. ஓணானின் கால்கள் தொங்கிய பிறகும் அடி நிற்கவில்லை. எலும்பெல்லாம் தளர்ந்து உடல் கயிறாகிய பிறகே அதைத் திருப்பித் தலை முதலாக விழுங்கியது. வாலின் நுனி சிறிது நேரம் அலகுக்கு வெளியே நின்றது. பின்பு அலகின் இரு பக்கங்களையும் கிளையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு பழையபடி உட்கார்ந்துவிட்டது.

கூக்கபராவும் எழுத்துக்கு எழுத்து இதையே செய்கிறது, அளவு மட்டும் பெரிது. பாம்பு கிடைத்தால் தலையை ஒட்டிப் பிடித்து, கிளையிலோ பாறையிலோ அடித்துச் செயலிழக்கச் செய்து, பிறகு மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்தப் பழக்கம் பசியோடு கற்றதல்ல, உடலோடு பிறந்தது என்பதற்கு மிருகக்காட்சிச் சாலைகளில் சான்று உண்டு. முன்பே செத்த எலியைக் கொடுத்தாலும் அதை நன்றாக அடித்த பின்பே விழுங்கும். பூங்காவில் இறைச்சி வாட்டுபவர்களின் தட்டிலிருந்து சொசேஜைத் தட்டிப் பறிக்கும் கூக்கபராவும், அது எந்த எதிர்ப்பும் காட்டாத பொருள் என்பதைப் பொருட்படுத்தாமல், மரத்தில் அறைந்து கொன்றுவிட்டுத்தான் தின்னும். செரிக்காத எலும்பு, வண்டின் ஓடு முதலியவற்றை இரண்டு பறவைகளும் உருண்டையாகக் கக்கிவிடும்.

உருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் இதுவரை பேசிய சிரிக்கும் கூக்கபரா 40 சென்டிமீற்றருக்கு மேல் நீளமும் 300 கிராமுக்கு மேல் எடையும் உடையது. மீன்கொத்திக் குடும்பத்தில் எடையில் முதலிடம் அதற்கே. அழுக்கு வெள்ளைத் தலை, கண் வழியே ஓடும் தவிட்டுப் பட்டை, தவிட்டு முதுகு, இறகில் சிறிது நீலப் புள்ளி. அழகுப் போட்டி வைத்தால் நம் மீன்கொத்தி அதைச் சுலபமாக வென்றுவிடும். அவுஸ்திரேலியாவின் வடக்கே நீலச்சிறகுக் கூக்கபராவும் நியூகினிப் பக்கம் வேறு சில இனங்களும் உண்டு. உலகம் அறிந்த சிரிப்பு கிழக்குக் கரை இனத்தினுடையது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் சின்னங்களுள் ஒன்றான ஒல்லியும் கூக்கபராதான்.

சிரிப்பு என்று நாம் கேட்பது எல்லைப் பிரகடனம். முதலில் ஒரு பறவை தொண்டைக்குள் விக்குவது போல் தாழ்ந்த ஒலியில் தொடங்கும். பக்கத்தில் இருப்பவை சேர்ந்துகொள்ளும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அலகை வானுக்கு உயர்த்தி, வாலை நிமிர்த்தி, குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் உரத்த குரலெடுக்கும்போது அது அட்டகாசமாகிறது. பக்கத்து எல்லையில் இருக்கும் குடும்பம் அதைக் கேட்டுவிட்டுப் பதில் கொடுக்கும். அதற்கப்பால் இருப்பது மூன்றாவதாகத் தொடங்கும். இந்தக் காணிக்குள் நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், இன்னும் இருக்கிறோம் என்பதே செய்தி. விடியலிலும் அந்தியிலும் இது ஓங்கி ஒலிப்பதால், முன்பு காட்டுப்புறத்தில் வாழ்ந்தவர்கள் அதைக் கடிகாரமாகவே கொண்டிருந்தார்கள். குஞ்சுகளுக்கு இது முழுதாகப் பிறவியிலேயே வருவதில்லை. கூட்டைவிட்டு வெளியேறிய இளம் பறவைகள் பெரியவர்களோடு சேர்ந்து தட்டுத்தடுமாறிக் கத்திக் கத்தித்தான் பழகுகின்றன. ஹொலிவூட்டின் பழைய காட்டுப் படங்களில், கதை ஆபிரிக்காவில் நடந்தாலும் சரி, தென்னமெரிக்காவில் நடந்தாலும் சரி, இந்தச் சிரிப்பைப் பின்னணியில் ஓட விட்டார்கள். அந்தக் கண்டங்களின் எந்தக் காட்டிலும் கூக்கபரா கிடையாது.

நம் வெண்மார்பு மீன்கொத்தியும் சத்தத்துக்குப் பஞ்சம் வைப்பதில்லை. பறக்கும்போது கனைப்பது போன்ற கரகரத்த சிரிப்பும், இணை சேரும் காலத்தில் மர உச்சியில் நின்று மேலிருந்து கீழாக இறங்கும் நீண்ட நடுக்கக் குரலும் அதனிடம் உண்டு. பனி விலகாத காலையில், பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் நேரத்தில், லயத்துக் கூரைகளுக்கு மேலே அந்தக் குரல் போவதைக் கேட்டவர்களுக்குக் கூக்கபராவின் ஒலி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. வேறுபாடு ஒன்றே: இங்கே கத்துவது ஒரு பறவை, மிஞ்சினால் ஒரு சோடி. அங்கே கத்துவது ஒரு கூட்டுக் குடும்பம்.

அந்தக் கூட்டுக் குடும்பத்தை விரிவாகப் பார்க்க வேண்டும். கூக்கபராவின் சோடி பெரும்பாலும் ஆயுள் முழுவதும் பிரியாது. பிள்ளைகளும் வளர்ந்தவுடன் பிரிந்துபோவதில்லை. சில ஆண்டுகள் தாய் தகப்பனின் காணியிலேயே தங்கி, அடுத்த ஈட்டு முட்டைகளை முறை வைத்து அடைகாக்கின்றன, தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவருகின்றன, எல்லையில் நின்று கத்துகின்றன. ஆணும் பெண்ணும் இவ்வாறு உதவும். இதைக் கேட்டவுடன் உதவிக்கு ஆள் கூடக் கூடக் குஞ்சுகளும் அதிகமாகப் பிழைக்கும் என்று நாம் கணக்குப் போடுவோம். கூடுகளை ஆண்டுக்கணக்காகக் கண்காணித்த ஆய்வாளர்கள் கண்டது வேறு: ஆள் கூடும்போது ஒவ்வொரு பறவையும் தன் உழைப்பைக் குறைத்துக்கொள்கிறது, பிழைக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கை அதனால் உயர்வதில்லை. பெரிய குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் இதில் அதிர்ச்சி இருக்காது.

கூட்டுக்குள் நடப்பதுதான் அதிர்ச்சி. தாய்ப்பறவை வழக்கமாக 3 முட்டை இடும். எல்லாம் இட்டு முடியும்வரை காத்திராமல் அடைகாக்கத் தொடங்குவதால், குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்காமல் முன்னும் பின்னுமாக வெளிவருகின்றன. கண் திறக்காத, இறகு முளைக்காத அந்தக் குஞ்சின் மேலலகு நுனியில் கீழ்நோக்கி வளைந்த ஒரு கொக்கி இருக்கிறது. முதலில் பொரித்தவை அந்தக் கொக்கியால் கடைசியாக வந்ததன் கழுத்தையும் முதுகையும் கவ்விக் குதறுகின்றன. பல கூடுகளில் கடைக்குட்டி சில நாட்களுக்குள் செத்துவிடுகிறது. அடியில் பிழைத்தாலும், இரை குறைந்த ஆண்டாக இருந்தால், பிறகு பட்டினியில் சாகிறது. பெற்றோர் தலையிடுவதில்லை. யாருக்கு எவ்வளவு என்ற வரிசை கூட்டுக்குள் நிலைபெற்ற பிறகு சண்டை ஓய்கிறது. குஞ்சுகள் பறந்து வெளியேறுவதற்குள் கொக்கியும் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு, அதே அண்ணனும் அக்காவும் புதிய குஞ்சுகளுக்குப் பல்லி கொண்டுவந்து ஊட்டுகின்றன. இரண்டையும் செய்வது ஒரே பறவைதான். முதற்செயலுக்காக அதைக் கொடியது என்பதும் இரண்டாவதற்காகப் பாசமுள்ளது என்பதும் நம் வழக்கில் ஓட்டுகிற தீர்ப்புகள். இரை போதுமானதாக இருந்தால் மூன்றும் வளரட்டும், போதாவிட்டால் இரண்டு மட்டுமாவது ஒழுங்காக வளரட்டும் என்ற ஏற்பாடாகவே ஆராய்ந்தவர்கள் இதை விளக்குகிறார்கள்.

இவ்வளவும் நடப்பது மரப்பொந்தில், அல்லது மரத்தில் கட்டப்பட்ட கறையான் புற்றைக் குடைந்த அறையில். இங்கேதான் வீட்டுப் பிரச்சினை வருகிறது. யூக்கலிப்டஸ் மரத்தில் இந்த அளவுப் பறவை குடியிருக்கத் தக்க பொந்து உண்டாவதற்குப் பொதுவாக நூறாண்டுக்கு மேலாகும். கறையானும் பூஞ்சையும் உள்ளே தின்று, கிளை முறிந்து, காயம் ஆறாமல் கிடந்து உருவாகும் அறை அது. புதிதாக நட்ட மரம் எத்தனை உயரமாக இருந்தாலும் உதவாது. பழைய மரங்கள் வெட்டுப்பட்டும் காட்டுத்தீயில் எரிந்தும் போகும்போது, இரை நிறைந்த இடத்திலும் பறவைக்கு இடமில்லாமல் போகிறது. எங்கள் தோட்டங்களில் சவுக்கு மரத்தை இடைக்கிடை கிளை தறித்து, முற்றியதும் பலகைக்கு விற்றுவிடுகிறார்கள். பொந்து விழும் வயது வரை அதை நிற்க விடுபவர் யார்?

நம் மீன்கொத்திக்கு அந்தக் கவலை இல்லை, ஏனெனில் அது மண்ணில் குடியிருப்பது. பாதைக்காக வெட்டிய மண்சுவர், வடிகான் வெட்டிய ஓரம், ஆற்றங்கரை எதுவும் போதும். சோடி இரண்டும் மாறி மாறிப் பறந்துவந்து மண்ணில் அலகால் மோதி முதல் பள்ளத்தை உண்டாக்குகின்றன. கால் வைக்க இடம் கிடைத்த பிறகு உள்ளே இருந்து குடைந்து மண்ணைப் பின்னால் தள்ளுகின்றன. வளை முக்கால் மீற்றர் அளவுக்கு உள்ளே போய், முடிவில் ஓர் அறையாக விரியும். அதில் உருண்டையான வெள்ளை முட்டைகள் இருக்கும். குடியிருக்கும் வளையையும் கைவிட்ட வளையையும் பிரித்தறிவது எளிது: கை முஷ்டி அளவான வாயின் அடித்தரையில், பறவை நுழைந்து வெளியேறித் தேய்ந்த இரண்டு சிறு தடங்கள் இணையாக ஓடும், குஞ்சு இருந்தால் அழுகல் வாடையும் சேரும். ஆனால் மண்சரிவைத் தடுக்கவும் பாதையை அகலமாக்கவும் மலைச்சுவர்களுக்குக் கொங்கிறீற் பூசும் இடங்களில் இந்த வளைகள் ஒன்றொன்றாக மறைகின்றன. மண்சரிவில் உயிர்கள் போகும் நாட்டில் அந்தச் சுவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது; இனப்பெருக்க மாதங்கள் கழிந்த பிறகு வேலையைத் தொடங்கலாமே என்று மட்டும் கேட்கலாம்.

இரவு நேரத்தைப் பற்றியும் ஒரு செய்தி. கூக்கபராக்கள் உறங்கும்போது தம் உடல் வெப்பநிலையைச் சில பாகை இறங்க விடுகின்றன என்று, உடலில் சிறு கருவி பொருத்திச் செய்த ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம்மைப் போன்ற உடல் அப்படி இறங்கினால் ஆபத்து. அந்தப் பறவைக்கோ அது குளிர்கால இரவில் தீனிச் செலவை மிச்சப்படுத்தும் வழி. தை மாதத்து நுவரெலியாவில் புல்லின் மேல் பனி உறையும் இரவை நம் மீன்கொத்தி எப்படிக் கழிக்கிறது என்று யாரேனும் இதுபோல் அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

கூக்கபராவின் அறிவியல் பெயரில் (Dacelo novaeguineae) நியூகினி ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் பியேர் சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர். 1776இல் வெளியான தம் பயண நூலில் இதை நியூகினிப் பறவையாக வரைந்து காட்டினார். அவர் நியூகினிக்குப் போனதே இல்லை; சிரிக்கும் கூக்கபரா அங்கு வாழ்வதும் இல்லை. தென்னாபிரிக்காவின் முனையில் யாரோ கொடுத்த பாடம் செய்த உடலைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். 1783இல் ஹெர்மான் என்பவர் அந்தப் படத்தை நம்பிப் பெயர் சூட்ட, முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்ற விதியால் பொய் இன்றுவரை நிலைத்துவிட்டது. இதே சொன்னேரா புதுச்சேரியில் வாழ்ந்தவர். தமிழகத்து மலைகளின் சாம்பல் காட்டுக்கோழிக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நம் மலைகளுக்கு இந்தப் பறவையை வெள்ளைக்காரர் கொண்டுவராதது ஒரு வகையில் ஆச்சரியம்தான். நியூசிலாந்துக்கு 1860களில் ஆளுநர் ஜோர்ஜ் கிறே கொண்டுபோய்க் கவாவு தீவில் விட்டார். 1897 முதல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும், அடுத்துத் தாஸ்மேனியாவிலும் விட்டார்கள். இந்தக் கடைசி இரண்டு இடங்களிலும் அது பெருகி உள்ளூர்ப் பல்லிகளையும் பறவைக் குஞ்சுகளையும் தின்பதாகக் குறை சொல்லப்படுகிறது. நுவரெலியாவை இங்கிலாந்தாக மாற்றிவிட முயன்றவர்கள் டிரவுட் மீனை ஓடையில் விட்டார்கள், 1861இல் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்துக்காக ஹக்கலயில் தோட்டம் போட்டார்கள், வாட்டல் மரத்தையும் யூக்கலிப்டஸையும் மலை மலையாக நட்டார்கள். பல்லியும் பாம்பும் தின்னும் பறவை ஒன்று இருக்கிறதே என்று ஒரு துரைக்குத் தோன்றியிருந்தால் போதும். இங்கே மூக்கில் கொம்பு முளைத்த ஓணானும், முட்டையிடாமல் குட்டி போடும், ஓடவும் தெரியாத குட்டை ஓணானும் இந்த உயர்மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. ஆபத்து வந்தால் அசையாமல் பாசியோடு பாசியாக ஒட்டிக்கொள்வதே அவற்றின் தற்காப்பு. வெண்மார்பு மீன்கொத்தியைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு எடையுள்ள, ஆண்டு முழுவதும் ஒரே காணியைக் குடும்பமாக நின்று சல்லடை போடும், ஆடாமல் இருக்கும் இரையையும் பொறுமையாக உட்கார்ந்து கண்டுபிடிக்கும் வேட்டைக்காரனுக்கு முன்னால் அந்தத் தற்காப்பு நெடுங்காலம் தாங்கியிராது.